ஃபிரிட்ஜுக்கு விடுமுறை

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் ஃபிரிட்ஜுக்கு விடுமுறை. காலைச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் டிரம்காரர் சமையலறைக்குள் நுழைவார். ஃபிரிட்ஜின் சுவிட்சை அணைப்பார். ஸ்கூட்டர் சாவியை உள்ளே பால் பாத்திரத்தின் மூடிமேல் வைத்துக் கதவைச் சாத்துவார். ஃபிரிட்ஜ் உறுமுவது மைக்கில் விழக்கூடாது என்பதற்காக அணைப்பு. பாட்டைப் பதிவு செய்து முடித்த குஷியில் அதை மறுபடி போட மறந்துவிடக்கூடாது என்பதற்காகச் சாவி. சாயங்காலம் வெளியே கிளம்பச் சாவி வேண்டும், சாவிக்குக் கதவைத் திறக்க வேண்டும், திறந்தால் உள்ளே விளக்கு எரியாது, அப்போதாவது மண்டையில் உறைக்கும். மகளின் பிறந்தநாளுக்கு வாங்கி வைத்த ஐஸ்கிரீம் தண்ணீராய் ஓடிய நாளில் பிறந்த ஞானம் இது. இதிலும் ஒரு ஓட்டை உண்டு. மழை பிடித்துக்கொண்டால் அவர் வெளியே போகமாட்டார், பால் கெட்டுப்போகும்.

டிரம்காரர் என்ற பெயர் பட்டறையில் வைத்தது. வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர், துணி சுற்றும் டிரம்மைக் கழற்றி மாட்டுவதில் கெட்டிக்காரர், அதனால் அந்தப் பெயர். ராக் பாட்டுப் பைத்தியம் என்று தெரிந்தவர்கள், டிரம்ஸ் வாசிப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் வாசிப்பது கிட்டார். விளக்கம் சொல்லி அலுத்துப்போய் இப்போதெல்லாம் யார் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிடுகிறார்.

பைத்தியம் பிடித்தது பள்ளிக்கூட வயதில். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ரேடியோவில் வெளிநாட்டு ராக் பாட்டுகள் வரும். ரேடியோவுக்கு எதிரே டேப் ரெக்கார்டரை முகத்தோடு முகம் வைத்து, சிவப்புப் பட்டனில் விரலை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார். பாட்டின் ஆரம்பத்தில் அறிவிப்பாளர் பேசித் தொலைப்பான். "வாய மூடித் தொலையேன்டா" என்று இவர் பல்லைக் கடிப்பார். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. அப்படி ஒருநாள், ஒரு பாட்டின் நடுவே கிட்டார் தனியாக எழும்பி உச்சிக்குப் போகும் இடத்தில், பஸ் ஓட்டிவிட்டு வந்து படுத்திருந்த அப்பா நன்றாகக் காறி ஒரு இருமல் இருமினார். மகன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். அடுத்த வாரத்திலிருந்து அந்த நேரம் வந்தால் அப்பா தெருவுக்குப் போய் நின்று இருமிவிட்டு வந்தார்.

அப்பா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. அந்தப் பாட்டு இன்றும் எங்காவது கடையில், காரில் ஒலிக்கும். கிட்டார் உச்சிக்குப் போகும்போது டிரம்காரர் தன்னை அறியாமல் இருமலுக்குக் காத்திருப்பார். வராது. பாட்டில் என்னவோ குறைகிற மாதிரி இருக்கும். அவ்வளவு தெரிந்தும் மனிதர் திருந்தவில்லை என்பதுதான் வேடிக்கை. தன் வீட்டில் தன் பாட்டைப் பதிவு செய்யும்போது ஒரு பேப்பர் சரசரத்தால்கூட முறைப்பார்.

பதிவு நடப்பது மகளின் பழைய அறையில். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு ஜன்னலை மெத்தை அடைத்துக்கொண்டது, அலமாரிக் கதவில் போர்வைகள் தொங்கின. அக்கம்பக்கத்துக்குப் பயந்து, சின்ன ஆம்ப்ளிஃபயரில் அடக்கி வாசிப்பார். போர்வைகளைப் பார்த்து உட்கார்ந்துதான் பாடுவார். அவர் முதுகுக்குப் பின்னால், கம்ப்யூட்டர் பக்கத்து முக்காலியில் மனைவி. பட்டனை அமுக்கி "ம், போங்க" என்று சொல்வது அவள் பொறுப்பு. அதன்பின் அசையக்கூடாது.

அவளை அவர் முதன்முதலில் பார்த்ததே ஒரு சத்தத்தால்தான். கல்லூரி மைதானத்தில் ஒரு ராக் கச்சேரி. கரண்ட் போய் மேடை ஊமையானது. கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது பின்னாலிருந்து கத்தி மாதிரி ஒரு விசில். இவர் சட்டென்று திரும்பினார். வாயில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஒரு பெண். அன்றைக்குத் திரும்பியவர்தான், மறுபடி வேறு பக்கம் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் விரல் வைத்த விசில் இல்லை, உதட்டு விசில். மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தாலும், துணி மடிக்கும்போது, காய் நறுக்கும்போது மெல்லிசாக ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். மகள் வெளியூர் போன சமயத்தில் அது நின்றுபோனது. அவர் அதைக் கவனித்தார். கேட்கவில்லை. பிள்ளை போன துக்கம் என்று முதலில் நினைத்தார். மாதங்கள் போகப் போக, என்னோடு தனியாக இருப்பதுதான் துக்கமோ என்றும் தோன்றியது. பதில் அப்படி வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேள்வியை மென்று விழுங்கிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் ஒரு அம்மாள், வாஷிங் மெஷின் கீச்சென்று கத்துகிறது என்று கூப்பிட்டாள். டிரம்காரர் போய், மெஷினை ஓடவிட்டு, காதை அதன் பக்கவாட்டில் ஒட்டிவைத்துக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லையேம்மா. நல்லாத்தானே ஓடுது."

"என்னங்க நீங்க, இப்பக்கூடக் கத்துதே!"

அவர் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தார். மறுநாள் பட்டறையிலிருந்து வேறொருவர் போய் பெல்ட்டை மாற்றிவிட்டு வந்தார். "வாசல்லயே கேட்டுச்சுண்ணே" என்றார் அவர். "நான் போனப்ப கத்தல" என்று சொல்லிவிட்டு டிரம்காரர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த வாரமே மகளிடமிருந்து போன். அவள் இருக்கும் ஊரில் ஒரு சின்ன அரங்கம். வீட்டில் உட்கார்ந்து பாட்டுச் செய்கிறவர்களைக் கூப்பிட்டு மாதாமாதம் மேடை கொடுக்கிறார்கள். அப்பாவின் பாட்டுகளை அவருக்குத் தெரியாமல் மகள் அனுப்பி வைத்திருந்தாள்.

"அப்பா, வாசிப்பு ரொம்பப் பிடிச்சிருக்காம். கண்டிப்பா வரச் சொல்றாங்க."

"நிஜமாவா?" டிரம்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆனா..." மகள் கொஞ்சம் இழுத்தாள். "சத்தம் மட்டும் காதுல ஊசி குத்துற மாதிரி இருக்காம். வேணும்னே அப்படிப் பண்ணீங்களான்னு கேக்குறாங்க. சரி பண்ணி அனுப்பச் சொல்றாங்கப்பா."

"ஊசியா? அவன் ஸ்பீக்கரு ஓட்டை" என்றார் இவர்.

சொல்லிவிட்டாரே தவிர மனசு ஆறவில்லை. ஒயரை மாற்றினார். ஹெட்போன் பஞ்சை மாற்றினார். ஸ்பீக்கரைப் பிரித்துத் தூசி தட்டினார். எதுவும் குறை சொல்லும்படி இல்லை. கடைசியில், ஒவ்வொரு பாட்டையும் முடித்ததும் போட்டுப் பார்க்கும் சமையலறை பிளேயரிடம் வந்தார். கரண்டி சத்தத்துக்கு நடுவே நன்றாகக் கேட்கிற பாட்டு எங்கும் நன்றாகக் கேட்கும் என்பது அவர் கொள்கை. அதில் டிரெபிள் திருகு, அதாவது கூர்மையான ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் திருகு, அடியோடு குறைத்து வைக்கப்பட்டிருந்தது. நடுவில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தால் பழையபடி அடியில். திருகு லூசாகிவிட்டது என்று பிளேயரைக் கழற்றி இறுக்கினார். மறுநாளும் அடியில். இன்னும் இறுக்கினார். அதற்கடுத்த நாள், வேலைக்குக் கிளம்பியவர் மறந்த டிபன் பாக்ஸுக்குத் திரும்பி வந்தபோது, மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அந்தத் திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தன நாளா இது?"

"நாளா..." என்றாள் அவள். "வருஷமாங்க. ஒவ்வொரு பாட்டும் போன பாட்ட விடக் கூர்மையா வந்துட்டே இருக்கு. எனக்குத் தல வலிக்கும். நீங்க என்னடான்னா, இன்னும் கொஞ்சம் பளிச்சுனு இருக்கணும்னு ஏத்திக்கிட்டே போறீங்க."

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நிறுத்திருவீங்க. உங்களுக்குக் காது குறையுதுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

அவர் டிபன் பாக்ஸை எடுக்காமலே போய்விட்டார். அவள் பயந்தபடியேதான் ஆயிற்று. அன்று மாலை கிட்டார் பெட்டிக்குள் போனது, பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. மகள் போன் செய்தபோது, "அதெல்லாம் விட்டாச்சும்மா" என்றார். அரங்கத்தைப் பற்றி அவள் பேச்செடுத்ததும் போனை அம்மாவிடம் நீட்டிவிட்டார்.

அடுத்த மாதத்து முதல் ஞாயிறு வந்தது. அவர் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி வீட்டில் எங்கோ இருந்தாள். மத்தியானம் வரை தாக்குப்பிடித்துவிட்டு, எங்காவது போய்த் தொலைவோம் என்று எழுந்தார். ஸ்கூட்டர் சாவி மாட்டுகிற இடத்தில் இல்லை. சட்டைப் பையில் இல்லை. வீடு முழுக்கத் துழாவினார். பிறகு ஒரு சந்தேகத்தில் ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே இருட்டு. பால் பாத்திரத்தின் மூடிமேல் சாவி.

அவள் மகளின் அறையில், முக்காலியில், காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

டிரம்காரர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். கோபப்படப் பார்த்தார், வரவில்லை. "எனக்குப் பயமா இருக்கு" என்றார். அதுவரை யாரிடமும் சொல்லாதது அது. "காதுல மெஷின மாட்டினா பாட்டெல்லாம் தகர டப்பா மாதிரி கேக்கும்ங்கிறாங்க. மாட்டாம வாசிச்சா ஊசி குத்துதுங்கிறாங்க. பேசாம விட்டுட்டா மரியாதையாவது மிஞ்சும்."

"மரியாதைய வச்சு என்ன பண்ணப் போறீங்க? வாசிக்கவா முடியும்?" என்றாள் அவள். "புதன்கிழமை டெஸ்டுக்குச் சொல்லி வச்சிருக்கேன். நானும் வரேன்."

காது பரிசோதிக்கும் இடத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் தடித்த பஞ்சு, கதவு கனம். உள்ளே நுழைந்ததுமே டிரம்காரருக்குப் பொறாமை வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் மெத்தையையும் போர்வையையும் வைத்து அவர் கட்ட நினைத்த அறை இதுதான். ஹெட்போனை மாட்டிவிட்ட பெண், சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கும்படி சொல்லிவிட்டு வெளியே உட்கார்ந்தாள். முதலில் சில ஒலிகள் கூ, கூ என்றன. அமுக்கினார். அப்புறம் ஒன்றும் இல்லை. எவ்வளவு சுத்தமான நிசப்தம், இங்கே ஒரு பாட்டைப் பதிவு செய்தால் எப்படி இருக்கும் என்று ரசித்துக்கொண்டிருந்தார். தற்செயலாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பெண்ணின் கை ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக்கொண்டே இருந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற மனைவி, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் தன் கையிலிருந்த பட்டனைக் குனிந்து பார்த்தார்.

"வேலையிடத்துச் சத்தம், ஹெட்போன் ரெண்டும் சேர்ந்து செஞ்ச வேலை சார்" என்றாள் அந்தப் பெண். "கீழ ஒலியெல்லாம் நல்லாக் கேக்குது. மேல இருக்குற மெல்லிசான ஒலிங்க மட்டும் போயிருச்சு. மெஷின் வச்சா பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். ஆரம்பத்துல சில சமயம் மெஷினே கீச்சுனு ஒரு சத்தம் போடும், பயப்படாதீங்க."

மெஷின் வந்த நாள் உலகம் அவரோடு சண்டைக்கு வந்தது. படிக்கட்டில் தன் செருப்பே தன்னை அதட்டியது. சட்டைக் காலர் கழுத்தில் உரசுவது கேட்டது. ஸ்கூட்டரின் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொள்வது தெரிந்து, "இது எப்ப ரிப்பேர் ஆச்சு?" என்று மனைவியைக் கேட்டார். "அது எப்பவும் அடிக்கும்ங்க" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே மகளின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியாகப் பதிவு செய்த பாட்டைப் போட்டார்.

ஐயோ! கண்ணாடிக் கடைக்குள் மாடு புகுந்த மாதிரி இருந்தது. கம்பி ஒவ்வொன்றும் பல்லைக் கூசவைத்தது. அரங்கத்துக்காரன் பாவம், ஊசி என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறான். இதையா ஊருக்கெல்லாம் அனுப்பினோம், இதையா இவள் மாதாமாதம் முக்காலியில் உட்கார்ந்து பொறுத்துக்கொண்டாள் என்று வெட்கத்தில் அவருக்கு வியர்த்தது. நிறுத்தப் போனவர் கையை எடுத்துவிட்டார். இரண்டாம் சரணத்தில் கிட்டாருக்கு மேலே இழை மாதிரி ஒன்று ஓடியது.

மெஷின்தான் கீச்சிடுகிறது என்று கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடி போட்டார். மறுபடி அதே இடம், அதே இழை. மெஷின் கீச்சிட்டால் சுருதியோடா கீச்சிடும்? அது அவர் வாசித்த மெட்டையே பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் வளைந்து போனது. வரியின் முடிவில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சேர்ந்துகொண்டது.

அதற்கு முந்தைய பாட்டைப் போட்டார். அதிலும் இருந்தது. போன வருஷத்துப் பாட்டிலும் இருந்தது. அதற்கும் முன்னால், மகள் ஊருக்குப் போன புதிதில் இந்த அறையில் முதன்முதலாகச் செய்த பாட்டைத் தேடிப்பிடித்துப் போட்டார். அதில் மெல்ல, பயந்து பயந்து, ஒரே ஒரு வரி மட்டும்.

அவர் கதவைத் திறந்தார். சமையலறையில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் வந்ததைப் பார்க்கவில்லை. உதடு குவிந்திருந்தது. அந்தச் சத்தம் இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு சாதாரணமாக, வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்ப மறுபடி ஆரம்பிச்ச?" என்றார்.

"எத?"

"விசில."

அவள் புரியாமல் பார்த்தாள். "நான் எப்பங்க நிறுத்தினேன்?"

டிரம்காரர் அங்கிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்க பாட்டுலகூட இருக்கே" என்றாள் அவள். "மொத தடவ என்னை அறியாம வந்துருச்சு. கத்தப் போறீங்கன்னு பயந்தே போயிட்டேன். ஒண்ணும் சொல்லல. அடுத்த மாசம் கொஞ்சம் தைரியமா அடிச்சேன். அப்பவும் ஒண்ணும் சொல்லல. சரி, உங்களுக்குப் பிடிச்சிருக்கு, வெளியில சொல்லத்தான் கூச்சம்னு நெனச்சுக்கிட்டேன். நம்ம மகளும் அப்படித்தான் நெனச்சா. காது குறையுதுன்னு அப்புறம் தெரிஞ்சப்பகூட, இந்தச் சத்தமும் அதுல போயிருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

"எனக்குக் கேக்கல" என்றார் அவர். "ஒண்ணுமே கேக்கல. நீ நிறுத்திட்டேன்னு நெனச்சேன். அவ போன துக்கம்னு நெனச்சேன். அப்புறம்... என்னாலதானோன்னு நெனச்சேன்."

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "இத்தன வருஷமா இத மனசுல வச்சுக்கிட்டா இருந்தீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?"

அவள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகை முந்திக்கொண்டது. அப்புறம் இரண்டும் கலந்து வந்தது. "நல்ல ஜோடி போங்க. நான் சொல்லப் பயந்தேன், நீங்க கேக்கப் பயந்தீங்க" என்று சொல்லிக்கொண்டே மடித்த துணியில் முகத்தைத் துடைத்தாள்.

பாட்டுகளைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது ஒரு சிக்கல் வந்தது. ஊசியைக் குறைத்தால் அதோடு சேர்ந்து விசிலும் அமுங்கிப்போனது. தெரியாமலே ஏற்றி ஏற்றி வைத்ததில்தான் அது அவ்வளவு தெளிவாக வெளியே வந்திருக்கிறது. அவர் வெகுநேரம் திருகைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, கடைக்குப் போய் இன்னொரு மைக் வாங்கி வந்தார்.

"எனக்கா? சும்மா இருங்க, வயசான காலத்துல" என்றாள் அவள். ஆனாலும் அடுத்த முதல் ஞாயிறு தலைமுடியை நன்றாக வாரிக்கொண்டுதான் முக்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவர் போர்வைகளுக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்து உட்கார்ந்தார். ஃபிரிட்ஜ் அணைந்திருந்தது. சாவி அதன் இடத்தில் இருந்தது.

"ம், போங்க" என்றாள்.

நன்றாகவே போனது, இரண்டாம் சரணம் வரை. அங்கே அவர் முகத்தைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வாயில் விசில் ஏது? புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, போச்சு, முறைக்கப் போகிறார் என்று பார்த்தாள். அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. போ, போ என்று தலையை ஆட்டினார். அவள் மூச்சை இழுத்துப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து சேர்ந்துகொண்டாள். அந்தப் பதிவை அப்படியே, புஸ்ஸோடு, மகளுக்கு அனுப்பினார்கள். சாயங்காலமே அவள் போன் செய்தாள். அரங்கத்தில் இரண்டு நாற்காலி போடச் சொல்லிவிட்டாளாம்.

அந்தச் சந்தோஷத்தில் மழை பிடித்துக்கொண்டதை அவர்கள் பெரிதாக நினைக்கவில்லை. மழை இத்தனை விதமாகப் பேசும் என்பதையே டிரம்காரர் மறந்திருந்தார். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே வெளியே போகவில்லை.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்ப, சாவிக்காக ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே இருட்டு. பால் புளித்து நாறியது. அசட்டுச் சிரிப்போடு பாத்திரத்தைத் தூக்கியபோது, பின்னாலிருந்து கத்தி மாதிரி ஒரு விசில் வந்தது. வாயில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள்.

அவர் சட்டென்று திரும்பினார்.